பன்னிரண்டாம் தெரு வால்ட்

...எனக்கு முன்னால் இன்னும் எத்தனை பேர் என்று வானொலி நிலையத்தில் போனை எடுத்த பெண் சொல்லவில்லை, கெல்சி என்று பெயர், ‘லைன்லயே இருங்கம்மா, வச்சிடாதீங்க’ என்றாள், அவ்வளவுதான், நானும் போனைக் காதில் அழுத்திக்கொண்டு அடுப்படியில் நிற்கிறேன், ஜன்னலுக்கு வெளியே மார்ச் மாதத்து அழுக்குப் பனி, அதற்கு அப்பால் ஈரி ஏரி, போனுக்குள் மிட்ச் நடத்தும் விளையாட்டு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கிறது, காத்திருப்பவர்களுக்கு அதையே போட்டுவிடுகிறார்கள். எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று கேட்டாளே, அதற்குப் பச்சைப் பொய் சொன்னேன். ‘இன்னிக்குப் புது மேனேஜரும் போல்க்கும் மட்டும்தாம்மா, வேற எதையும் மிட்ச் எடுக்க மாட்டாரு’ என்றாள், ‘அதைப் பத்தித்தாம்மா, எனக்குப் பெரிய கருத்தே இருக்கு’ என்றேன். எனக்கா, கருத்தா... எங்கள் ஊர் ஆங்கர்ஸ் அணி டிவியில் ஃபுட்பால் ஆடும்போது நான் துணி மடிப்பேன், உட்கார்ந்தபடியே தூங்குவேன், ஒரு ஆட்டத்தை முழுசாகப் பார்த்த நினைவில்லை. அடுப்படி வானொலியை அணைத்தேனா? அணைத்தேன், திரும்பவும் போய்ப் பார்த்தாயிற்று. அது ஒன்று மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும், பேசுகிறவன் வீட்டில் வானொலி ஓடக்கூடாது, நாம் பேசியது கொஞ்சம் பிந்தி அதில் வரும், நம் குரலே நம்மைத் துரத்தும், பேச்சு தடுமாறும், மிட்ச் இணைப்பை வெட்டிவிடுவான். திங்கட்கிழமை ஆனால் என் வீட்டுக்காரர் வால்ட் இந்த நிகழ்ச்சிக்குப் போன் போட்டுப் பேச கார் ஷெட்டுக்குள் போகிறபோது கத்துவாரே, ‘மார்லீன், ரேடியோவ அமத்து!’ என்று, இருபது வருஷமாகக் கேட்டுக் காது புளித்துப்போன வார்த்தை, இன்றைக்கு யாரும் கத்தவில்லை, நானாகவே அணைத்தேன்.

டோனி என்று ஒரு லாரிக்காரன் பேசுகிறான், அவனுக்குப் போல்க் என்றால் உயிர். ‘மிட்ச் அண்ணே, நம்மகிட்ட பந்து எறிய உருப்படியா ஒரு ஆள் இருந்தானா? குவார்ட்டர்பேக்னு பேரு பெத்த பேரு, ஒருத்தன் எறிஞ்சா ஏரில போய் விழும், இன்னொருத்தன் எறிஞ்சா எதிரிக்காரன் மடில விழும். இந்த மனுஷனாவது துணிஞ்சு ஒருத்தன வாங்கினாரே, அதுக்கு மாலை போடாம திட்றாங்களே!’ துணிச்சல்தான், யார் இல்லை என்றது. கல்லூரியில் ஆடும் பையன்களில் நல்லவனாகப் பார்த்து முதலில் பொறுக்கிக்கொள்ளும் உரிமை, அது வருஷத்துக்கு ஒன்று கிடைக்கும், வருகிற மூன்று வருஷத்து உரிமையையும் மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிட்டு, எறிகிற தோளில் இரண்டு தடவை ஆபரேஷன் கத்தி பட்ட போல்க்கை வாங்கியிருக்கிறார் புது மேனேஜர் டான்ஃபோர்த். விட் டான்ஃபோர்த். ஜனவரியில் கலிஃபோர்னியாவிலிருந்து வந்து இறங்கினார், பனிச் சேற்றில் வெள்ளைவெளேரென்று ஷூ போட்டுக்கொண்டு நடந்த முதல் மேனேஜர் இவர்தான் என்று மளிகைக்கடையில் சிரித்தார்கள். செவ்வாய்க்கிழமை உள்ளூர் நிருபர்களைக் கூப்பிட்டு, போல்க்கை வாங்கும் எண்ணமே இல்லை என்றார், வியாழக்கிழமை வாங்கிவிட்டார், அதையும் இவர்களிடம் சொல்லவில்லை, நியூயார்க்கில் இருக்கும் பெரிய நிருபர் ஒருவர் காதில் ஓதிவிட்டார், நம் ஆட்கள் அலுவலக வாசலில் பனியில் நின்றபடி அந்தச் சேதியைத் தங்கள் போனில் படித்தார்களாம். வால்ட்டுக்கு இது எதுவும் தெரியாது. நவம்பரில் போய்விட்டார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வார்த்தை பேசக்கூட நேரம் இல்லாமல். அவர் பார்க்காத மேனேஜர், அவர் திட்டாத குவார்ட்டர்பேக், அவர் இல்லாமல் ஊர் சண்டை போடுகிறது, எப்படி முடிகிறது இவர்களால்?

இதோ... ‘மாடில உக்காந்திருக்கிற ஒருத்தனுக்காவது கண்ணு தெரியுதாய்யா!’ வால்ட். ஒவ்வொரு ஆளுக்கும் நடுவில் இதைப் போடுவான் மிட்ச், என்றைக்கோ அவர் அணி அலுவலக மாடியில் இருக்கும் மேனேஜர் கூட்டத்தை நினைத்து ஆத்திரத்தில் கத்தியதை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டான், ஊருக்கே மனப்பாடம், பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடத் தலைமையாசிரியர் அறையைப் பார்த்துக் கத்துகிறார்களாம். கல்லறைக்குப் போய் நின்றால் காற்றுச் சத்தம்தான், இங்கே அடுப்படியில் அவர் உயிரோடு கத்துகிறார், செத்துப்போனது தெரியாமல் கத்துகிறார். அதுவும் இந்த வாரத்தோடு சரி. நேற்று மிட்ச் தேனொழுகச் சொன்னான், டான்ஃபோர்த் இனி வெள்ளிக்கிழமைதோறும் நம் நிகழ்ச்சிக்கே வந்து பேசப்போகிறார், வேறு எந்த நிலையத்துக்கும் போகமாட்டார், அதற்குப் பதிலாக மாடியைக் கிண்டல் பண்ணும் கூச்சலையெல்லாம் நிறுத்திக்கொள்வோம், ‘நாமளும் கொஞ்சம் மரியாதைக்காரங்களா ஆவோமே மக்களே!’ மரியாதையாம். எனக்கு வேறு எங்கே இருக்கிறது அந்தக் குரல்? அவர் போனுக்கு அடித்தால் ‘வால்ட் இல்ல, அப்புறம் பேசுங்க’ என்று பதிந்து வைத்திருந்தார், கிறிஸ்துமஸ் வரை அடித்து அடித்துக் கேட்டேன், அதற்குப் பிறகு அந்த எண் வேறு யாருக்கோ போய்விட்டது, ஒருவன் எடுத்து ‘யாருங்க?’ என்றான், யார் என்று சொல்வது. என் தங்கை மகள் கல்யாண வீடியோ இருக்கிறது, அதில் மனிதர் முதுகைக் காட்டிக்கொண்டு கொழுக்கட்டை கொழுக்கட்டையாக பியரோகியை விழுங்குகிறார், ஒரு வார்த்தை இல்லை. ஆக மிச்சம் இந்த ஒரே ஒரு கூச்சல். அதை அழிப்பதற்குள் எனக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுங்கள், இதைக் கேட்கத்தான் இத்தனை பொய்யும். நிலையத்துக்கு முன்பே ஒருமுறை நேரில் போய்க் கேட்டேன், ‘சொல்லி அனுப்பறோம்’ என்றார்கள், யார் சொல்லி அனுப்பினார்கள்.

லைனில் ரெஜினா வந்துவிட்டாள், நர்ஸ், குரலிலேயே ஊசி இருக்கும். ‘மூஞ்சிக்கு நேரா பொய் சொன்ன ஆளு மிட்ச். வாங்க மாட்டேன்னு சொல்லி வாங்கினவரு, இப்ப தோளு கல்லு மாதிரி இருக்குங்கறாரு, நான் எதை நம்பறது?’ ‘அக்கா, அது யாவார தந்திரம்க்கா, கையில இருக்கிற சீட்ட யாராவது காட்டுவாங்களா...’ ‘நீ எப்படா அந்தாளுக்கு வக்கீலான?’ நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், காலி வீட்டில் என் சிரிப்பு எனக்கே பயமாக இருந்தது. மிட்ச் இருமுகிறான், பாவம், வெள்ளிக்கிழமை விருந்தாளியை நினைத்து இருமுகிறான். வால்ட் இருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பார்? வாங்கினது சரி என்பாரா, தப்பு என்பாரா... யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், அந்த ஒரே கூச்சல்தான் வருகிறது, மாடில உக்காந்திருக்கிற ஒருத்தனுக்காவது, மாடில உக்காந்திருக்கிற, வேறு வாக்கியமே வரவில்லை. எப்படி வரும்? ஊரே கேட்ட மனிதரை நான் கேட்டதில்லையே. அவர் ஷெட்டில் பேசும்போது வீட்டில் வானொலி அமத்தியிருக்கும், சுவருக்கு அந்தப் பக்கம் முணுமுணுவென்று ஒரு சத்தம், சில சமயம் சிரிப்பு, பேசி முடித்துவிட்டு வந்தால் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார். ‘உப்பு.’ ‘இந்தாங்க.’ அதோடு சரி. அவ்வளவு பேச்சையும் ஷெட்டிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்துவிடுவார் போல என்று நினைத்துக்கொள்வேன்.

‘பன்னிரண்டாம் தெருவுலேருந்து மார்லீன்! சொல்லுங்கம்மா, டான்ஃபோர்த் பண்ணது சரியா, தப்பா?’ என்னைத்தான் கேட்கிறான், இத்தனை நேரம் மனப்பாடம் செய்து வைத்ததில் ஒரு சொல் இல்லை. ‘நான்... வால்ட் வீட்டுக்காரிங்க’ என்றேன். ‘எந்த வால்ட்... நம்ம வால்ட் அண்ணனா? ஐயோ, அப்ப நீங்கதானா அந்த மார்லீன்!’ எந்த மார்லீன் என்று கேட்டேன். ‘என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? அண்ணன் வாயத் தொறந்தாலே “எங்க மார்லீன் சொல்றா”ன்னுதானே ஆரம்பிப்பாரு! எறியறவன் கையப் பாக்காத, காலப் பாருன்னு நீங்கதானே சொன்னீங்க? பழைய மேனேஜர் பேசறப்ப கழுத்த சொறிஞ்சா பொய்னு கண்டுபிடிச்சது நீங்கதானே? மக்களே, இத்தன வருஷம் கழிச்சு மார்லீனே வந்திருக்காங்க!’

நான் எதுவும் சொன்னதில்லை. ஒரு நாளும், ஒன்றும் சொன்னதில்லை. காலையும் பார்த்ததில்லை கையையும் பார்த்ததில்லை, அந்தப் பழைய மேனேஜர் முகமே எனக்குத் தெரியாது... யார் அவள்? என் பெயரை வைத்துக்கொண்டு, என் வீட்டில், சுவருக்கு அந்தப் பக்கம்? கறிக்கடை லெனர்ட் கறியை வெட்டிக்கொண்டே கேட்பானே, ‘இந்த வாரம் யாரக் கிழிக்கப் போறீங்க மார்லீன்?’ என்று, வாய்த்துடுக்கு என்று நினைத்துச் சிரித்துவிட்டு வருவேன். அடக்கத்தன்று ஆங்கர்ஸ் தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு யாரோ ஒருவர் வந்தார், ‘உங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜைல ஒரு நாள் உக்காந்து கேக்கணும்னு ஆசைங்க’ என்றார், துக்கத்தில் உளறுகிறார் என்று விட்டுவிட்டேன். எங்கள் மேஜையில் கேட்பதற்கு என்ன இருந்தது, கரண்டிச் சத்தம்தான் இருந்தது. பேசி முடித்து வந்தால் கதவருகில் கொஞ்ச நேரம் நிற்பாரே, நின்று, ‘சரியாத்தானே சொன்னேன்?’ என்பாரே, ‘எதை? காலத் துடைச்சிட்டு உள்ள வாங்க’ என்பேன், துடைத்துவிட்டு வருவார். யாரைக் கேட்டார் அங்கே நின்றுகொண்டு? என்னையா, அவளையா?

‘லைன்ல இருக்கீங்களாம்மா? மார்லீன் என்ன சொல்றாங்கன்னு ஊரே காத்துட்டிருக்கு.’ எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் சொல்லப்போனேன், சத்தியமாக. வாய் வேறு ஏதோ சொன்னது. ‘எல்லாரும் அந்தப் பையனோட தோளையே பாக்கறீங்க. மேனேஜர் வாயப் பாருங்க. செவ்வாக்கிழம ஒரு பேச்சு, வியாழக்கிழம ஒரு பேச்சு. நாளைக்குத் தோளு போச்சுன்னா அதையும் முதல்ல நியூயார்க்குக்காரன்கிட்டதான் சொல்லுவாரு. வெள்ளிக்கிழம உங்க பக்கத்துல உக்காந்து நல்லாத்தான் இருக்குன்னு சிரிப்பாரு, நீங்களும் கூடச் சிரிப்பீங்க, கேக்கறதுக்கு ஒரு கூச்சல்கூட மிச்சம் இருக்காது, அதத்தான் அமத்தப் போறீங்களே.’ யார் பேசியது? குரல் என்னுடையதுதான், சூடு என்னுடையது இல்லை, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன், சந்தோஷமாகவும் இருந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மிட்ச் சிரிக்க முயன்றான், ‘அதே மார்லீன்!’ என்றான், ‘அண்ணன் ஒரு எழுத்து மாத்தாமத்தான் சொல்லியிருக்காரு!’ ‘அவர் குரல் எனக்கு வேணும் தம்பி, அழிச்சிடாதீங்க, அதுக்குத்தான் கூப்பிட்டேன்’ என்றேன், கடைசியில் குரல் உடைந்துவிட்டது, அது மட்டும் நிச்சயமாக நான். அவன் ரொம்ப மெல்ல, ‘கெல்சிகிட்ட பேசுங்கம்மா, வச்சிடாதீங்க’ என்றான், உடனே கார் டயர் விளம்பரம் வந்துவிட்டது.

‘அம்மா, நான் கெல்சி. உங்களுக்கு அந்த ஒரு கூச்சல் மட்டும் வேணுமா, இல்ல எல்லாமே எடுத்துத் தரட்டுமா? ஐயா பேசினது அத்தனையும் இருக்கும்மா, ஒண்ணு விடாம, எங்க ஆளுங்க எதையும் தூக்கிப் போடல.’ அத்தனையும். இருபது வருஷத் திங்கட்கிழமைகள். கேட்டது கூச்சல் ஒன்று, கிடைப்பது மனிதர் முழுசாக, நான் அழுது ஆனந்தப்பட்டிருக்க வேண்டும். அந்த ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டால் அதில் அவர் தனியாக இருக்கிறார், கோபமாக, எனக்குத் தெரிந்த மாதிரியே. மற்றதிலெல்லாம் அவள் இருக்கிறாள். ஒவ்வொன்றும் அவள் சொன்னதாகத்தான் ஆரம்பிக்கும், அவள் அவரெதிரே உட்கார்ந்து கேட்டிருப்பாள், மறுத்துப் பேசியிருப்பாள், அவர் சிரித்த சிரிப்பெல்லாம் அவளுக்குச் சிரித்ததுதான்... என்னைப் பெரியவளாக்கிக் காட்ட அவளைச் செய்தாரா, நான் போதாமல் செய்தாரா? வாரா வாரம் கதவருகில் நின்று, இன்றைக்காவது அவள் அடுப்படியில் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுக் காலைத் துடைத்தாரா? ‘அம்மா, அடுத்த லைன் மின்னிட்டிருக்கு, ஒண்ணா, எல்லாமா?’ என்கிறாள் கெல்சி, நல்ல பெண், அவசரப்படுத்த மனசில்லாமல் அவசரப்படுத்துகிறாள், நான் போனைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நிற்கிறேன், ஒன்றும் வரவில்லை. அந்த மார்லீனாக இருந்தால் இந்நேரம் சொல்லியிருப்பாள்.