கடுகளவு

அம்மாவின் இடது இமையை ஈரத் துணியால் ஒற்றி, கழுவிய செயற்கைக் கண்ணை மகள் உள்ளே பொருத்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மருத்துவமனையிலிருந்து டாக்டர். மகளின் நான்கு மாதக் குழந்தைக்கு எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. கண்ணைப் படம் பிடித்துப் பார்த்ததிலும் சந்தேகத்துக்கு இடமில்லை. வலது விழித்திரையில் கடுகளவு கட்டி. நாளைக் காலை எட்டரைக்கு லேசரால் சுட்டுவிடலாம், விடியற்காலை நாலரைக்குப் பிறகு பால் கொடுக்க வேண்டாம் என்றார். பார்வையின் நடுப்புள்ளிக்குப் பக்கத்தில் இருப்பதால் தள்ளிப்போடவும் கூடாது.

அவள் திரும்பினாள். போனில் மகள் பேசியதெல்லாம் அம்மாவின் காதில் விழுந்திருந்தது.

முப்பது வருஷம் நில அளவைத் துறையில் ஒற்றைக் கண்ணோடு வேலை பார்த்தவள் அம்மா. கிண்டல் செய்தவர்களிடம், கருவியில் எல்லாரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதானே பார்க்கிறீர்கள், எனக்கு அந்த வேலையும் மிச்சம் என்று வாயடைத்தவள். இப்போது தொடை எலும்பில் தொடங்கிய புற்று நுரையீரலுக்கு ஏறி, நாலு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கியது.

சின்ன வயதிலேயே தன் இடது கண்ணைப் பறித்த இந்த நோயின் சூட்சுமம் அம்மாவுக்கு அத்துப்படி. விழித்திரை நரம்புச் செல்களால் ஆனது. நரம்புச் செல் வளர்ந்து தன் வேலையில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் பிரிவதில்லை. அப்படி நிறுத்திவைக்க ஒரு மரபணு உண்டு. செல்லுக்கு இரண்டு பிரதி. அம்மாவும் மகளும் ஒன்று பழுதாகவே பிறந்தவர்கள். ரத்தப் பரிசோதனைப்படி குழந்தையும் அப்படித்தான். மற்றதும் கெட்டால், தடம் மாறிய செல் பெரும்பாலும் தானே செத்துப்போகும். எங்கோ ஒன்று சாக மறுத்துப் பிரிந்துகொண்டே போகும். மகள் பிறந்தபோது டாக்டர் இதை விளக்க, எல்லைக்கல் இரண்டும் போனால் யார் வேண்டுமானாலும் உள்ளே ஏறி உழலாம், அவ்வளவுதானே என்றாளாம் அம்மா. அன்றிலிருந்து மாதம் தவறாமல் மகளைக் கண் டாக்டரிடம் தூக்கிப் போனாள். ஏழாம் மாதம் பிடிபட்டது. மகளுக்கு இன்றும் இரண்டு கண் இருப்பது அதனால்தான். அம்மாவின் எலும்பில் வந்ததும் அதே மரபணுவின் கைவரிசை.

"வலதா, இடதா?" என்றாள் அம்மா.

"வலதும்மா. கடுகளவுதான்."

"அப்ப பொழச்சுக்கும். உனக்குப் பட்டாணி அளவு இருந்துச்சு." மூச்சு வாங்கினாள். "நாளைக்கு நான் இருந்தாலும் போ. இல்லாட்டியும் போ."

மகள் குழந்தையைக் கொண்டுவந்து பக்கத்தில் கிடத்தினாள். அதன் பாதத்தைப் பிடித்தபடியே அம்மா கண்ணயர்ந்தாள். மதியம் மூன்றரைக்கு அந்தப் பிடி தளர்ந்தது.

சாயங்காலம் அம்மாவின் தம்பி, மாமா, வந்து சேர்ந்தார். காலை பத்து மணிக்கு எடுத்துவிடலாம் என்றார். மகள் இரண்டு மணி என்றாள். பெற்றவளைக் கிடத்திவிட்டுப் போனாள் என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். ஒரு வாரம் கழித்துப் போனால் குடியா முழுகிவிடும் என்று கேட்டார் மாமா.

அவள் குரலை உயர்த்தவில்லை.

"முழுகிடும் மாமா. அம்மா நாலு மணி நேரம் காத்திருப்பாங்க. இது காத்திருக்காது."

மாமா எழுந்து வாசலுக்குப் போனார். பிறகு போனை எடுத்து ஒவ்வொருவரிடமும் இரண்டு மணி, இரண்டு மணி என்று சொல்வது உள்ளே கேட்டது.

மறுநாள், வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ளக் கணவனை விட்டுவிட்டு அவள் குழந்தையோடு வெளியே வந்தபோது, மாமாவின் கார் முன்னாலேயே நின்றிருந்தது. வழியெல்லாம் பசியில் குழந்தை வீறிட்டது. கையெழுத்து வாங்கிக்கொண்டு நர்ஸ் அதைத் தூக்கிப் போனபின், அவள் ரவிக்கை ஈரமாகிவிட்டதைத் முந்தானையால் மறைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். மாமாதான் நடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

ஒன்பதரைக்கு டாக்டர் வந்தார். கட்டி முழுவதையும் சுட்டாயிற்று, நடுப்புள்ளிக்குச் சேதமில்லை. மூன்று வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். அவள் தேதியைக் குறித்துக்கொண்டாள்.

மயக்கம் தெளிந்து, பால் குடித்து, வெளியே வரும்போது மணி பன்னிரண்டு. சொட்டு மருந்தால் குழந்தையின் கண்மணிகள் அகல விரிந்திருந்தன. காருக்குள் விழுந்த வெயிலில் அது முகத்தைச் சுளித்தது. மாமா இறங்கி வந்தார். அவள் பக்கத்துக் கண்ணாடியை இறக்கச் சொல்லி, தன் கைக்குட்டையை உதறி அதன் விளிம்பில் போட்டு, மறுபடி ஏற்றச் சொன்னார். நிழல் குழந்தையின் முகம் முழுக்க விழுகிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு, மேடு பள்ளம் பார்த்து, மெதுவாக வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார்.