அரைக்கதவு

தட்சிணாமூர்த்தியை ஊர் நடுவில் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை என்று அந்த வெள்ளிக்கிழமையே முடிவு கட்டிவிட்டேன்.

எண்பத்தேழாம் வருஷம். பெருங்களத்தூருக்கு மேற்கே எங்கள் ஆற்றில் ஒரு சின்ன அணை இருந்தது. தாம்பரத்துக் காலனிகளுக்குக் குழாய்த் தண்ணீர் தேக்கவேண்டுமென்று, அணைக் கதவைப் பாதி மட்டும் திறந்துவிட்டு ஒரு மாதம் சோதனை செய்தார்கள். ஆற்றுக்கும் கரைக் கிணறுகளுக்கும் கெடுதி வராவிட்டால் அரைக்கதவே நிரந்தரம். கடைக்கோடியில் இருப்பது எங்கள் கீரைக்கொல்லை. தண்ணீர் நின்றால் நானும் என் மாமியார் அங்காளம்மாளும் கூலி வேலைக்குத்தான் போகவேண்டும். ஊரில் பெரிய கை தட்சிணாமூர்த்திக்கோ கொண்டாட்டம். வறண்ட ஆற்றோரத்தில் மனை போட்டு விற்பதற்கு அதற்குள் கல் நட்டுவிட்டான்.

மாதம் முடிவதற்குள் எங்கள் கிணறு தரைதட்டியது. அதைப் பார்க்க இன்ஜினீயர் யக்ஞநாராயணன் வந்தபோது நான் தாம்பரம் மார்க்கெட்டில் கீரை விற்றுக்கொண்டிருந்தேன். கூட வந்தவன் தட்சிணாமூர்த்தி. வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். அந்த நேரத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் வாயில் 'இல்லை', 'தீர்ந்தது' என்ற பேச்சே வராது. அரிசி தீர்ந்தால்கூட 'நெறஞ்சி போச்சு' என்றுதான் சொல்வார்கள்.

"கிணத்துல தண்ணி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார் இன்ஜினீயர்.

"நெறஞ்சி போச்சு சார்" என்றிருக்கிறாள் மாமியார்.

அவர் டெல்லியில் வளர்ந்தவர், அப்படியே நம்பிவிட்டார். தட்சிணாமூர்த்திக்குத் தெரியாதா? "அந்தம்மாவே சொல்லிட்டாங்களே, அப்புறம் இன்னா சார்? வாங்க, இருட்டுது" என்று ஜீப்பில் ஏற்றிக் கூட்டிப்போய்விட்டான்.

நான் வந்து, கிணறு நிறைந்திருக்கிறதென்று அவர் எடுத்துக்கொண்டிருப்பார் என்று சொன்னதும் மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். "என் வாயே நம்மள கெடுத்துடுச்சேடி கிளி!"

"ஒன் மேல தப்பு இல்ல அத்த. அர்த்தம் தெரிஞ்சும் வாய மூடிகினு நின்னான் பாரு, அவன் மேல கீது."

மறுநாள் ஆபீசுக்கு ஓடினேன். அதற்குள் அவன் முந்திக்கொண்டு, நாங்கள் மோட்டார் வைத்துக் கிணற்றை இறைத்துவிட்டு நாடகமாடுகிறோம் என்று கோள்மூட்டியிருந்தான். "எதுவானாலும் ஊர்க் கூட்டத்துல சொல்லுங்கம்மா" என்று இன்ஜினீயர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த வெள்ளி சாயங்காலம் மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம். நான் இன்ஜினீயரிடம் போகவே இல்லை. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த தட்சிணாமூர்த்தியின் மனைவி தனக்கோடியிடம் நேரே போனேன். பாவம், அவளுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது.

"அக்கா, இப்ப ஒங்க வூட்டுக்கு ஒரு படி அரிசி கேட்டு வர்றேன்னு வெச்சிக்கோ. பானை காலி. இன்னா சொல்லுவ?"

"இதென்னாடி கேள்வி? நெறஞ்சி போச்சும்பேன். வெள்ளிக்கிழமையும் அதுவுமா இல்லன்னா சொல்வாங்க?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். இன்ஜினீயர் எழுந்து தட்சிணாமூர்த்தியைப் பார்த்தார். "உங்களுக்கு இது தெரியும் இல்ல?"

அவன் வேட்டியைச் சரிசெய்தான். இன்ஜினீயர் விறுவிறுவென்று எங்கள் கொல்லைக்கு நடந்தார். ஊரே பின்னால் போனது. டார்ச் அடித்துக் கிணற்றுக்குள் பார்த்தார். அடிச் சேறு காய்ந்து வெடித்துக் கிடந்தது. இது நேற்று இறைத்த கிணறு இல்லை என்று அவருக்கே புரிந்துவிட்டது.

கதவு முழுதாகத் திறந்தது. கடைக்கொல்லைக்காரர்கள் சம்மதம் இல்லாமல் இனி அதை இறக்கக்கூடாது என்றும் உத்தரவானது.

கொஞ்ச நாளில் தட்சிணாமூர்த்தி எங்கள் கொல்லைக்கு வந்தான். வரப்பிலேயே நின்றான். அவன் நட்ட கல்லெல்லாம் முழங்கால் தண்ணீரில் கிடந்தன.

"கிளி, ஒரே ஒரு நாளு கதவ எறக்க ஒத்துக்கோம்மா. ராஜகீழ்ப்பாக்கத்துலேர்ந்து பார்ட்டி மனை பாக்க வர்றாங்க. இந்தத் தண்ணியப் பாத்தா ஓடிடுவாங்க."

"பாவம்டி" என்று மாமியார் என் காதில் முணுமுணுத்தாள். எனக்குப் பாவமாக இல்லை. பொய் எதற்கு, அவன் கெஞ்சக் கெஞ்சத் தேனாக இனித்தது. கையிலிருந்த கீரைக்கட்டை வாய்க்காலில் நிதானமாக அலசினேன்.

"இப்ப முழுக்கதவு சோதனை நடக்குதுண்ணா. ஒங்க மனைங்களுக்குக் கெடுதி வருதான்னு பாத்துகினு கீறோம்."

"எத்தினி நாளைக்கு?"

"நான் கண்ண மூடற வரைக்கும்."