ரமோன் வேகாவின் தட்டு

தலைக்கு மேல் ரயில் ஓடும் ரூஸ்வெல்ட் சாலையில், செத்த பிறகும் கழற்ற முடியாத பெயர் ஒன்றின் விலை எண்பது டாலர், போட்டோ தனி. எக்வடார்க்காரன் செகுண்டோ குவாமான் பேரம் பேசி அறுபத்தைந்துக்கு முடித்தான். அன்றிலிருந்து போலி அடையாள அட்டையில் அவன் ரமோன் வேகா. அந்தப் பெயரில்தான் நியூயார்க் கோபுரத்தின் உச்சியிலிருந்த உணவகத்தில் நான்கு வருடம் பாத்திரம் கழுவினான். செப்டம்பர் காலையொன்றில் விமானம் மோதிக் கோபுரம் சரிந்தபோது அந்தப் பெயரிலேயே செத்தும்போனான். அவன் மனைவி சொய்லா இரண்டு அலுவலகங்களில் கேட்டுப் பார்த்தாள். பிறக்காதவன் ஒருவன் செத்தான், பிறந்தவன் ஒருவன் சாகவில்லை என்றது பதிவேடு. மூன்றாவது அலுவலகத்தில் அவளுடைய குடியேற்றக் காகிதத்தைக் கேட்டார்கள். அவளிடம் எதுவுமில்லை. திரும்பி வந்து சலவைக் கடையில் துணி மடிக்க உட்கார்ந்தவள் அப்புறம் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

கோபுரம் சரிந்த அன்று வேலைமுறை இல்லாததால் பிழைத்த சக வேலைக்காரர்கள் சேர்ந்து ஒரு உணவகம் திறந்தார்கள். வாடிக்கையாளர் வருமுன் வேலைக்காரர்கள் ஒன்றாகச் சாப்பிடுவது அந்தத் தொழிலில் வழக்கம். செப்டம்பர்தோறும் போனவர்களுக்கும் தட்டு வைத்துப் பெயர் சொல்லி அழைப்பார்கள், தட்டுகள் காலியாகும். மூன்றாம் வருடத்திலிருந்து அதற்கும் சேர்த்தே உலை வைத்தார்கள். ரமோன் வேகாவின் தட்டு மட்டும் தொடப்படாமல் மறுநாள்வரை ஆவி பறந்துகொண்டிருக்கும். தலைமைச் சமையல்காரன் எஃப்ராயினுக்கு அது மானப் பிரச்சினை. ஒரு வருடம் உப்பைக் குறைத்தான், மறுவருடம் பன்றிக்கறியை மாற்றினான்.

ஒன்பதாம் வருடம் சலவைக் கடையிலிருந்து மேசைவிரிப்புக் கட்டோடு வந்த சொய்லா, அந்தத் தட்டுக்குப் பின்னாலிருந்த போட்டோவைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அது பாத்திரம் கழுவுற ரமோன். எவ்வளவு திமிர் பாரு, ஒன்பது வருஷமா என் சமையல்ல ஒரு பருக்கை தொடல," என்றான் எஃப்ராயின்.

"சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தானே வருவாரு? அவரு செகுண்டோ."

"நீ யாரு அக்கா?"

ஒன்பது வருடமாக ஒளிந்து திரிந்தது இந்தக் கேள்விக்குத்தான். சொய்லாவுக்குக் கால் வலித்தது. கட்டை இறக்கி வைத்தாள்.

"பொண்டாட்டி. சொய்லா குவாமான். யார்கிட்ட வேணா சொல்லிக்கோ." தட்டின் பக்கம் திரும்பினாள். "யோவ் செகுண்டோ, எவ்வளவு நேரம்யா? வந்து சாப்பிடு."

ஆவி நின்றது. சோளமும் கறியும் போயின. அதோடு விடாமல், தட்டு கழுவப்பட்டு அலமாரியில் கவிழ்ந்திருந்தது.

"பழக்கதோஷம்," என்ற எஃப்ராயின் அடுப்படிக்குப் போனான்.

அந்த வருடம் வைத்த தட்டு அறுபத்தொன்று, காலியானது அறுபத்தொன்று. பின்னாளில் நினைவிடத்தில் பொறித்த பெயர்களில் பிழை ஒன்று, ரமோன் வேகா, இன்னும் நிலுவை.