ஜோயாவின் வலது கால்

இஜாஸ் பதினேழு வயதில் வாப்பாவின் பைக்கை எடுத்துக்கொண்டு போய், சயான் சிக்னலில் சரியாக ஒரு போலீஸ்காரருக்கு முன்னால் நிறுத்தினான். போலீஸ்காரர் அவனை ஒன்றும் செய்யவில்லை. அவனுடைய வாப்பா அபுதாஹிரைக் கூப்பிட்டு அனுப்பி, வயது வராத பிள்ளை வண்டி ஓட்டினால் ஜெயிலுக்குப் போகவேண்டி வருவது பெற்றவர்தான் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

அபுதாஹிர் அன்று தாராவிக்கு வேறு ஆளாகத் திரும்பினார். தோல்பைப் பட்டறை வைத்திருப்பவர். சட்டம் என்பது மாட்டுங்காவில் வசதியாகக் குடியிருப்பவர்களுக்கு உண்டான ஒன்று என்று அதுவரை நினைத்திருந்தார். அதற்குப் பிறகு, நிறுத்திவைத்த பைக்கின்மேல் யாராவது சாய்ந்து பேசினால்கூட, "லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டார். சந்து ஆடு ஒன்று சீட்டில் ஏறிப் படுத்தபோது அதனிடமும் அதையேதான் கேட்டார். நான் கூட்டிச் சொல்வதாக நினைப்பவர்கள் ஆட்டிடம் விசாரித்துக்கொள்ளலாம்.

"பெருநாளைக்குள்ள இந்த வீட்டுக்கு ஒரு லைசென்ஸ் வரணும். இல்லேன்னா வண்டி, வெலைக்குக் கேட்டுக்கிட்டு இருக்க உல்லாஸ்நகர் வாசிமுக்குப் போயிரும்" என்று அறிவித்தார்.

"பதினாறு வயசுக்கே லைசென்ஸ் உண்டும் வாப்பா. நெட்டுல பாத்தேன்" என்றான் இஜாஸ்.

"அது கியர் இல்லாத சின்ன வண்டிக்குல. அதுக்கும் பெத்தவன் கையெழுத்து போடணும். நான் போடமாட்டேன்."

தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த மகள் ஜோயா, "நான் எடுக்கேன்" என்றாள்.

"ஒனக்குப் பதினெட்டு ஆயிட்டா?"

"போன மாசம் பிரியாணி தின்னீங்கள்லா."

"அது தின்னேன். சர்ட்டிபிகேட்ட எடு."

பன்னிரண்டாவது முடித்ததிலிருந்து ஜோயா அந்த மிஷினில்தான் இருந்தாள். சந்திலேயே அவளைப்போல நேராகத் தைக்க ஆள் கிடையாது. அவள் தைத்த பைகள் வாஷி பாலத்துக்கு அந்தப் பக்கம் சான்பாடா வரை போயின. அவள் செம்பூர் தாண்டியதில்லை. பைக் உல்லாஸ்நகர் போனால் இனியும் தாண்டப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

கம்ப்யூட்டரில் சாலைக் குறிகளைக் காட்டிக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லி, பழகுநர் லைசென்ஸ் வாங்கினாள். வண்டிக்கு முன்னும் பின்னும் சிவப்பில் 'எல்' ஒட்டவேண்டும் என்றார்கள். வெள்ளைத் தோலில் சிவப்புத் தோலை வெட்டிவைத்து இரட்டைத் தையல் போட்டாள். அந்த 'எல்'லை விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள்.

பழகும்போது கூட ஒருவர் இருப்பதானால் லைசென்ஸ் உள்ளவர்தான் இருக்கவேண்டும். எங்கள் சந்தில் கியர் வண்டி லைசென்ஸ் வைத்திருந்தவர் பழைய பிளாஸ்டிக் வியாபாரி பூதத்தான் ஒருவரே. அவர் பின்சீட்டில் உட்கார்ந்ததும் முன்சக்கரம் தரையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பும். ஜோயா பெட்ரோல் தொட்டியின்மேல் நன்றாகக் குனிந்தால் மறுபடி இறங்கும். இருவரும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஞாயிறு காலைகளில் மாட்டுங்கா ரயில்வே சுவரோரமாகப் போய்வந்தார்கள். பூதத்தான் ஏறியதும் தூங்கிவிடுவார்.

"அண்ணாச்சி, முழிச்சிருக்கியளா?"

"முழிச்சுதான் இருக்கேன், நீ ஓட்டுட்டீ. வளைவுல மட்டும் முன்பிரேக்கத் தொட்டுராத, கவுந்துருவோம்" என்பார். அவர் சொல்லிக்கொடுத்த பாடம் அது ஒன்றுதான். அதையும் கண்ணைத் திறக்காமல் சொன்னார்.

முப்பது நாள் கழிந்தபின்தான் பக்கா லைசென்ஸுக்கு டெஸ்ட். தரையில் பெரிய எட்டு வரைந்திருந்தார்கள். கால் ஊன்றாமல் அதில் சுற்றி வரவேண்டும். ஜோயா முதல் கியரில் நின்றாள். கிளம்பச் சொல்லி இன்ஸ்பெக்டர் "சலோ" என்றார்.

வண்டி குலுங்கி அணைந்தது. அவள் கால் ஊன்றினாள். ஃபெயில்.

வீட்டில் இதைப் பற்றி நீண்ட விசாரணை நடந்தது. கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தவள் ஜோயாதான். தையல் மிஷினில் வலது காலை அழுத்தினால் ஓடும், எடுத்தால் நிற்கும். பைக்கில் வலது கால் பிரேக். அழுத்தினால் நிற்கும், எடுத்தால் ஓடும். பட்டறையில் அபுதாஹிர் நாள் முழுக்க "சலோ சலோ, பார்ட்டி நிக்கான்" என்று கத்துவார். அதைக் கேட்ட மாத்திரத்தில் அவள் கால் தானாக அழுத்தும். பூதத்தான் தூங்கிக்கொண்டே வந்ததால் இது இத்தனை நாள் வெளியே தெரியவில்லை.

"அப்ப தப்பு எம்மேலயா?" என்றார் அபுதாஹிர்.

"பாய், பிள்ளைட்ட 'சலோ'ன்னு சொன்னது ஆரு? நானா?" என்றார் பூதத்தான்.

மறுபடி டெஸ்டுக்குப் போக ஒரு வாரம் பொறுக்கவேண்டும். அந்த ஒரு வாரமும் சந்தில் அவளைக் கண்டவர்களெல்லாம் "சலோ" என்றார்கள். ஒவ்வொரு முறையும் அவள் வலது காலைத் தூக்கினாள். பால்காரர் சொன்னார், தூக்கினாள். பள்ளிவாசல் மோதினார் சொன்னார், தூக்கினாள். வார முடிவில் அவள் நடையே ஒரு மாதிரி கொக்குபோல ஆகிவிட்டது.

இரண்டாவது டெஸ்டில் இன்ஸ்பெக்டர் "சலோ" என்றார். கால் மேலே போனது, வண்டி கிளம்பியது. கோட்டின்மேலேயே எட்டுப் போட்டாள், தையல் போடுகிற மாதிரி. இன்ஸ்பெக்டர் திருப்தியோடு, நிறுத்தச் சொல்லி "ருக்கோ" என்றார்.

மிஷினை நிறுத்தக் காலை எடுக்கவேண்டும். ஜோயா காலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். வண்டி நிற்கவில்லை. வளைவில் முன்பிரேக்கைத் தொடக்கூடாது. எட்டிலோ வளைவைத் தவிர வேறு இல்லை. ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டாள். முதல் கியரில் அது பாட்டுக்கு ஊர்ந்துகொண்டே இருந்தது.

இன்ஸ்பெக்டர் இன்னும் இரண்டு தடவை சொல்லிப்பார்த்துவிட்டு, மற்றவர்களை அவள் பின்னாலேயே வண்டி ஓட்டவிட்டு டெஸ்டை நடத்தினார். அவளைப் பார்த்துச் சுற்றியதில் அன்றைக்கு எல்லோரும் பாஸ். பிறகு அவர் சாப்பிடப் போனார். திரும்பி வந்தபோதும் ஜோயா எட்டில்தான் இருந்தாள். பெட்ரோல் தீர்ந்தபின்தான் வண்டி நின்றது. அந்த எட்டுக்கு மறுநாள் புதுசாகப் பெயின்ட் அடித்தார்கள் என்று கேள்வி.

"கால் ஊன்றவில்லை. பாஸ்" என்று இந்தியில் சொல்லிவிட்டு, இன்ஸ்பெக்டர் அவளைச் சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொன்னார்.

பெருநாளுக்கு முன்பே கார்டு தபாலில் வந்தது. அபுதாஹிர் அதை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"சட்டப்படி எல்லாம் சரி. வண்டிய நிறுத்துறது ஆரு?"

வாசிம் அதற்குள் இரண்டு தடவை போன் செய்திருந்தான். அபுதாஹிர் பைக்கைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், ஜோயாவின் காலைப் பார்த்தார். ஒரு காலுக்கு இரண்டு சட்டம் ஆகாது என்று அவருக்குப் புரிந்தது.

"மிஷின்ல இருந்து எந்திரி. இனி அதத் தொடாத."

"அப்ப ஆரு தைக்க?"

"லே இஜாஸ், வந்து உக்காரு."

"நானா? எனக்கு ஒண்ணும் தெரியாதே வாப்பா."

"பைக்கு மட்டும் தெரிஞ்சா எடுத்துட்டுப் போன?"

ஜோயா இரண்டு வாரம் மிஷின் பக்கமே போகவில்லை. ரயில்வே சுவரோரம் ஓட்டுவதும் நிறுத்துவதுமாகவே இருந்தாள். பூதத்தானும் விழித்திருந்து, மின்கம்பத்துக்கு மின்கம்பம் "ருக்கோ" என்றார். கால் மெதுவாக மிஷினை மறந்தது. பெருநாள் கழிந்த வாரம், பைகளைக் கட்டி ஏற்றிக்கொண்டு, செம்பூரைத் தாண்டி, வாஷி பாலத்தைத் தாண்டி, சான்பாடாவில் பைகளை வாங்கும் விஜயலட்சுமி கடை வாசலில் சொன்ன இடத்தில் சொன்ன மாதிரி நிறுத்தினாள்.

விஜயலட்சுமி ஒரு பையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். இஜாஸின் தையல் இடப்பக்கமாகக் கிளம்பி, எதையோ மறந்துவிட்டதுபோல வலப்பக்கம் திரும்பி, மறுபடி இடப்பக்கமே போயிருந்தது.

"என்னம்மா இது, குடிச்சிட்டுத் தச்சாங்களா?"

"தம்பி புதுசு அக்கா. பழகிருவான்."

"பழகின அப்புறம் கொண்டா. இதுல பாதி எனக்கு வேண்டாம்."

பாதிப் பைகளைத் திரும்பக் கட்டி ஏற்றினாள். அவற்றைப் பிரித்துத் தைத்து, நாளைக்கு மறுபடி சான்பாடா வரவேண்டும். இஜாஸ் இருக்கிற வேகத்தில் அதற்கு மறுநாளும் வரவேண்டியிருக்கும். ஜோயா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வருத்தப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கடைக்காரியிடம் மன்னிப்புக் கேட்டாள்.