குறுக்கே வந்த விமானம்

கூட விமானம் ஓட்டப் படித்த கார்முகில் வீட்டுக்குப் போயே ஆக வேண்டும் என்று என் மகள் பானுப்பிரியா ஒற்றைக் காலில் நின்றாள். அவன் ஊரான ராசிங்காபுரத்துக்குப் பிரியும் விலக்கில் ஜீப்பை ஓரங்கட்டி, கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தேன்.

"ரேடியோவுல சொல்லிட்டுத்தான் எறங்குனேன்னு நாளைக்கு விசாரணையில சொல்லிரு ஆத்தா. இல்லைன்னு சொல்ல யாரு இருக்கா?"

போகச் சொல்லி ரோட்டைக் கைகாட்டினாள். விபத்து நடந்ததிலிருந்து பதினோரு நாளாக இதே பேச்சுத்தான். எனக்கே வாய் கசந்துவிட்டது.

விமானம் ஓட்டப் படிக்கிற இடத்தில் ஒரு முறை உண்டாம். இறங்க வருகிறவர்கள் ஓடுபாதையைச் செவ்வகமாகச் சுற்றி, ஒவ்வொரு பக்கத்திலும் தாங்கள் இருக்குமிடத்தை ரேடியோவில் சொல்லி, அப்புறம்தான் இறங்க வேண்டும். அன்று மழை இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இவள் சுற்றாமல், சொல்லாமல், நேராகக் கடைசிப் பக்கத்தில் நுழைந்துவிட்டாள். "இறங்குறேன்" என்று கார்முகிலின் குரல் கேட்ட பிறகுதான் அவன் விமானத்தைப் பார்த்திருக்கிறாள். மோதாமல் இருக்க அவன் தன் விமானத்தின் மூக்கை மேலே தூக்கியிருக்கிறான். வேகம் செத்து விமானம் விழுந்து, பையன் அங்கேயே போய்விட்டான். அவன் குரலைக் கேட்டவள் இவள் ஒருத்திதான்.

"அதுவரைக்கும் ரேடியோவுல ஒரு சத்தமும் இல்லப்பா. யாரும் இல்லைன்னு நெனைச்சேன்" என்று அன்று அழுதாள். அது என்னிடமிருந்து போன பழக்கம். குரங்கணி மலை ரோட்டில் இருபது வருஷமாக ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றுகிறேன். பாதி வளைவுகளில் நாங்கள் ஹாரன் அடிக்கமாட்டோம். காதைத் தீட்டிக் கேட்போம், சத்தம் இல்லையென்றால் வண்டி இல்லை. முன்சீட்டில் உட்கார்ந்து வளர்ந்தவள் இவள். கார்முகில் முதலில் சொன்னதெல்லாம் இவள் ரேடியோவை ஓடுபாதையின் அலைவரிசைக்குத் திருப்புவதற்கு முன்பே முடிந்துவிட்டது என்று பின்னால்தான் அவளுக்கே புரிந்தது.

பயலுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று போடி முழுக்கப் பேசினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. மகளுடைய லைசென்ஸ் போய்விடுமே என்ற பயம். வெட்கங்கெட்ட பயம்.

கார்முகிலின் அம்மா பொன்னுமணி எங்களைக் கண்டதும் நாற்காலி எடுத்துப் போட்டார். பானு உட்காரவில்லை.

"அத்தை, அவன் மேல தப்பில்ல. சுத்தாம குறுக்க வந்தது நான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மண்ணை வாரித் தூற்றுவார், தூற்றட்டும் என்றிருந்தது. பொன்னுமணி பானுவின் அருகில் வந்தார்.

"அப்ப எம்மகன் சரியாத்தான் வந்தானா?"

"ஆமா அத்தை. சொல்லிட்டுத்தான் எறங்குனான். அவன் சரியாத்தான் வந்தான்."

அவர் எங்களிடம் வேறொன்றும் கேட்கவில்லை. கொல்லைப்பக்கம் போய், தூரத்தில் வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த கணவரைக் கூப்பிட்டார்.

"இந்தாருங்க, கேட்டீகளா? நம்ம பய சரியாத்தான் வந்துருக்கான்."

அவருக்கு விளங்கவில்லை போலிருக்கிறது. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். பொன்னுமணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஈர வரப்பில் அவரை நோக்கி ஓட ஆரம்பித்தார்.