மூன்று கம்ப்யூட்டருக்கு என்ன விலை

ஒரே ஆள் ஒரே பொருளுக்கு மூன்று நாளில் மூன்று விலை சொன்னால் கோபம் வருமா வராதா? எனக்கு வந்தது.

அது தொண்ணூற்றைந்தாம் வருஷம். அம்பத்தூர் எஸ்டேட்டில் பார்த்த வேலையை உதறிவிட்டு, சொந்தமாக புரோகிராம் எழுதித் தரக் கிளம்பியிருந்தேன். முதல் ஆர்டர் நசரத்பேட்டை பரந்தாமன் பட்டறை. அங்கே மூன்று கம்ப்யூட்டர். மூன்றிலும் ஸ்டாக் கணக்கு ஓட வேண்டும். என் கூலி பதினைந்தாயிரம். புரோகிராம் எழுதத் தேவையான சாஃப்ட்வேரை, பரந்தாமனே பதினெட்டாயிரம் போட்டு அம்பத்தூர் டீலர் நாகேந்திரனிடம் வாங்கினார். அதற்குமேல் ஒரு பைசா தர மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

வாங்கிய அன்று, "எல்லாம் இதுல அடக்கம்மா" என்றார் நாகேந்திரன். மறுநாள் போனில், "நீ எழுதுற புரோகிராம் ஓடுற ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனி லைசென்ஸ். ஐயாயிரம்" என்றார். அதற்கடுத்த நாள், "அஞ்சு கம்ப்யூட்டருக்கு மொத்தமா வாங்கிக்கோ, இருபதாயிரம்." அவர் கடைக்கே போய் விலைப்பட்டியலைப் பார்த்தேன். வரிக்கு வரி பேனாவால் அடித்துத் திருத்தியிருந்தது. அந்த மனிதருக்கே விலை புரியவில்லை!

மூன்று லைசென்ஸ் வாங்கினால் என் கூலி அப்படியே காலி. பழைய முதலாளியிடம் போய் நிற்க வேண்டியதுதான். செத்தாலும் நிற்க மாட்டேன்.

"லைசென்ஸ் வாங்காம காப்பியடிச்சுப் போட்டுக் குடு ஹில்டா, எவன் பாக்கப்போறான்?" என்றான் அண்ணன் எட்மண்ட். திருடிப் பிழைக்கவா வேலையை விட்டேன்?

புதன்கிழமை காலை பட்டறைக்குப் போனேன். அந்த சாஃப்ட்வேர் ஃபிளாப்பிகள் வைத்த கவர் பிரிக்கப்படாமல், சந்தனமும் குங்குமமும் அப்பி, சாமி படத்துக்கு முன்னால் இருந்தது.

"வெள்ளிக்கிழம பூஜ போட்டுட்டு பிரிச்சிக்கலாம்மா. புதுப் பொருளு. இன்னா அவசரம்?" என்றார் பரந்தாமன்.

எரிச்சலோடு அதைக் கையில் எடுத்தேன். கவரின் பின்பக்கம் எறும்பு மாதிரி எழுத்து. உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். கவரைப் பிரித்தால் நிபந்தனைகளுக்குச் சம்மதம். சம்மதமில்லையா, சீல் உடையாமல் முப்பது நாளுக்குள் டீலரிடம் கொடுத்தால் முழுப் பணமும் வாபஸ்.

பரந்தாமனிடம் விஷயத்தைச் சொல்லி, கவரோடு அம்பத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

நாகேந்திரன் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா, குங்குமம்லாம் பூசிக்கினு வந்துகீற! இத்த எவன் வாங்குவான்?"

"சீல் உடையல சார். குங்குமம் வைக்கக் கூடாதுன்னு எங்கனா போட்டுக்கீதா? படிச்சுக் காட்டுங்க. இல்லன்னா பதினெட்டாயிரத்த எடுத்து வைங்க."

அவர் படித்தார். குங்குமத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சாஃப்ட்வேர் கம்பெனியின் பம்பாய் ஆபீசுக்கு எஸ்.டி.டி. போட்டார். பத்து நிமிஷம் கழித்து ரிசீவரை வைத்தபோது குரல் இறங்கியிருந்தது.

"பழைய வெர்ஷனுக்குத்தான் கம்ப்யூட்டருக்கு கம்ப்யூட்டர் காசாம். இதுக்குக் கெடையாதாம். எத்தினில வேணாலும் போட்டுக்கோ."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை.

"லெட்டர்பேடுல எழுதிக் குடுங்க சார்."

"அதான் வாயால சொல்ட்டேனேம்மா!"

"மூணு நாளா வாயாலதான் சார் சொன்னீங்க."

எழுதினார். ரப்பர் ஸ்டாம்ப் குத்துகிற வரைக்கும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.