முத்திரையை உடைத்தவன்

தேவாலயக் கூடத்தில் எம்.பி.யைப் பார்க்கக் காத்திருந்தவர்களில் மெரின் ஆறாவது ஆள். இங்கிலாந்தின் மீன்பிடித் துறைமுகமான நியூலினுக்கு அவர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமைதான் வருவார்.

"உள்ள என்னதான் பண்றாரு?"

"கேக்கு நல்லாருக்குன்னு சொல்லிக்கிட்டிருக்காரு," என்றாள் முன்னால் இருந்த லவ்டே. "ஆளுக்குப் பத்து நிமிஷமாம். கை குலுக்கவே நாலு போயிடுது."

மெரினுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கணவன் ஜோரி இருபத்திரண்டு வருடமாக உயிர் நண்டுகளை லாரியில் பிரான்சுக்குக் கொண்டுபோகிறவன். கடல்நீர்த் தொட்டியில் ஒரு நண்டு செத்தாலும் தண்ணீர் கெட்டு மற்றவையும் சாகும். அதனால் லாரியைக் கப்பலில் ஏற்றுமுன் தொட்டி மூடியைத் திறந்து, செத்ததை எடுத்து எறிவது அவன் வழக்கம். போன வாரமும் எறிந்தான். நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியபின் மூடியில் கால்நடை மருத்துவர் வைக்கத் தொடங்கிய முத்திரை அதில் உடைந்துபோயிற்று. அக்கரையில் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊர் வந்து சேர்வதற்குள் அத்தனை நண்டும் செத்தன. மூடியைத் திறக்க அனுமதிக் கடிதம் கொண்டுவந்தால் வேலை, இல்லையென்றால் இல்லை என்றுவிட்டார் முதலாளி.

அவள் முறை வந்தபோது எம்.பி. டைக் முழுவதையும் கேட்டார்.

"வருத்தமா இருக்கும்மா. ஆனா அது ஐரோப்பாக்காரங்க விதி."

"அமைச்சகத்துல கேட்டோம் சார். ஒப்பந்தத்துல இருக்கு, பாராளுமன்றம் ஏத்துக்கிட்டதுன்னாங்க. பாராளுமன்றம்னா நீங்கதானே?"

"நீங்களும் வெளியேறத்தானே ஓட்டுப் போட்டீங்க?"

"போட்டேன். கடல் நம்ம கைக்கு வரும்னு இதே கூடத்துல நின்னு சொன்னது யாரு? அந்த ஒப்பந்தத்தைப் படிச்சீங்களா?"

"ஆயிரத்து இருநூறு பக்கத்துக்கு மேல. ஒரே நாள்ல நிறைவேத்தினோம். கட்சி ஆதரிக்கச் சொல்லிச்சு. யாராலதான் படிச்சிருக்க முடியும்?"

"திறந்து பாக்காம சரின்னு சொன்ன உங்களுக்குப் பதவி இருக்கு. திறந்து பாத்தவருக்கு வேலை போச்சு."

உதவியாளர் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அமைச்சகத்துக்கு எழுதறேம்மா," என்றார் டைக்.

"கையை விரிச்சாங்களே, அவங்களுக்கேவா?"

அவர் எழுந்து கையை நீட்டினார். மெரின் தன் கைகளைக் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

துறைமுகத்தில் புது ஓட்டுநருடன் லாரி புறப்படத் தயாராக இருந்தது. மருத்துவர் முத்திரையிட்டுப் போய்விட்டார். ஜோரி தொட்டியின் கண்ணாடிச் சன்னலில் நெற்றியை வைத்து நின்றான்.

"மூலையில ஒண்ணு மல்லாந்துடுச்சு," என்றான். "இப்பவே எடுத்தா மத்தது பொழைக்கும்."

"யாரும் மூடியைத் தொடாதீங்க," என்றார் முதலாளி, தரையைப் பார்த்தபடி. "போகட்டும்."

ஜோரி விலகி நின்றான். ஐந்நூறு கிலோ நண்டோடு லாரி மேட்டில் ஏறிப் போயிற்று. மூடியில் முத்திரை பளபளத்தது.